பூனையின் வாக்குமூலம்

கதைகளில் விலங்குகள் பேசியபோது சில வசதிகள் இருந்தன. நரி பேசினால் அது நரியின் குணத்தோடு பேசியது. கழுதை பேசினால் பேசுவது கழுதைதான் என்று கேட்பவருக்குத் தெரிந்தது. பேசி முடித்த பிறகு எதுவும் மாதச் சந்தா கேட்கவில்லை. அந்தக் கால்நடை மருத்துவரின் கிளினிக்கில் விலங்குகள் பேசத் தொடங்கியபோது இந்த வசதிகள் எல்லாம் ஒரே நாளில் பறிபோயின.

பேச வைத்த பெருமை டாக்டரின் கொழுந்தனைச் சேரும். இருந்த வேலையை உதறிவிட்டு, அடுத்த வேலை எதுவென்று உலகமே தீர்மானித்துச் சொல்லட்டும் என்று பெருந்தன்மையோடு காத்திருந்த இளைஞன் அவன். "சும்மாதானே இருக்கான், உன் கிளினிக்ல வரவேற்பைப் பார்த்துக்கட்டும்" என்று மனைவியிடம் ஒரு வரியில் சொல்லிவிட்டு, அண்ணன்காரர் வெளியூர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். அண்ணியின் தலையில் தம்பி வந்து விடிந்தான். குடும்பத்தில் அவனுக்கு அப்டேட் என்று பெயர். பல் துலக்குவதற்கு முன்பே, 'இந்த வாரம் நீங்கள் தவறவிடக் கூடாத பத்துக் கருவிகள்', 'நாளைய உலகை இன்றே காட்டும் ஏழு தொழில்நுட்பங்கள்' என்பன போன்ற பட்டியல்களை இணையத்தில் படித்து முடித்திருப்பான். அவற்றில் எதையும் அவன் தவறவிட்டதில்லை. தவறவிட்டவை பல் துலக்குவது போன்ற சில்லறைக் காரியங்கள் மட்டுமே.

நியாயமாகப் பேசினால், அவன் கொண்டுவந்ததெல்லாம் வீண் என்று சொல்லிவிட முடியாது. தடுப்பூசி நாளை நினைவூட்டும் செயலி உண்மையிலேயே உழைத்தது. ஊசியை மறந்திருந்த நாய்கள் வரிசையில் வந்து நின்றன. நாய்களுக்கு அதில் மகிழ்ச்சி இல்லை, டாக்டருக்கு இருந்தது. எக்ஸ்ரே படங்களைத் தொலைவிலிருக்கும் நிபுணருக்கு நொடியில் அனுப்பும் ஏற்பாடும் நல்லதாகவே அமைந்தது. கேடு என்னவென்றால், ஒரு நல்லது நடந்துவிட்டால் அவனுக்கு ஊக்கம் பிறந்துவிடும். தரை துடைக்கும் ரோபோ வந்தது. வந்த அன்றே முயல் கூண்டுக்குள் புகுந்து, வெளியேற வழி தெரியாமல், பொழுது சாயும்வரை முயலோடு குடித்தனம் நடத்தியது. பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் கருவி வந்தது. எப்போதோ இறந்துபோன ஒரு நாய்க்கு 'இன்னும் பல்லாண்டு வாழ்க' என்று வாழ்த்து அனுப்பி, அந்த வீட்டையே மறுபடியும் அழவைத்தது.

"புதுசா எதையாவது கொண்டு வரதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேளு தம்பி" என்றார் டாக்டர்.

"கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவீங்களே அண்ணி" என்றான் அப்டேட். அவனிடம் ஒளிவுமறைவு என்பதே கிடையாது.

அப்படிக் கேட்காமல் வந்ததுதான் 'மனம் திறந்து' என்ற செயலி. விலங்கு எழுப்பும் ஒலியைக் கைபேசி கேட்கும். அதன் பொருளை மனிதக் குரலில், நல்ல தமிழில் எடுத்துச் சொல்லும். இதற்கான அறிவிப்பை அப்டேட் அழகாக அச்சிட்டு, வரவேற்பு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினான். அடியில் கிளினிக்கின் பெயரையும் போட்டுவைத்தான். ஆகவே, டாக்டரே எழுதிக் கொடுத்த மருந்தைப் போல எல்லோரும் அதைத் தத்தம் கைபேசியில் இறக்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகு நோயாளிகள் வாயாடிகள் ஆனார்கள். காதில் சீழ் வைத்த நாய் ஒன்று 'உங்களை மன்னித்துவிட்டேன்' என்று சொல்ல, எதற்காக என்று தெரியாமலே அதன் வீட்டம்மா கண்கலங்கினார். பருத்துப்போன பூனையொன்று தன் வாயாலேயே இன்னும் கொஞ்சம் உணவு கேட்டதை ஆதாரமாகக் காட்டி, டாக்டர் விதித்த பத்தியத்தை ஒரு குடும்பம் தள்ளுபடி செய்தது. ஒருவர் கிளியைக் கொண்டுவந்தார். அந்தக் கிளி ஏற்கெனவே தமிழில்தான் பேசியது. செயலி அதையும் மொழிபெயர்த்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. கிளிக்காரர் செயலியைத்தான் நம்பினார்.

"நாக்கை நீட்டு, வாலைத் தூக்குன்னு இத்தனை வருஷமா மாரடிச்சீங்களே டாக்டர், இப்ப அதுங்களே வந்து எல்லாத்தையும் கொட்டிடுதுங்க. நாம பேசாம கதவைச் சாத்திட்டுப் போயிடலாம்" என்றார் உதவியாளர் அக்கா, கத்தரிகளைக் கழுவியபடி. கிளினிக் திறந்த நாளிலிருந்து அங்கே இருப்பவர் அவர். டாக்டர் போடும் ஊசியைவிட அக்காவின் வாய்க்கு அஞ்சுகிறவர்கள் அதிகம்.

இந்த நிலையில்தான் ஓய்வுபெற்ற நீதிபதி ஒரு நாள் காலையில் மூடிபோட்ட கூடையோடு வந்து சேர்ந்தார். கூடைக்குள் ராணி இருந்தாள். சாம்பல் நிறப் பூனை, வயதானவள், நீதிபதியின் மனைவி வளர்த்தவள். மனைவி காலமான பிறகு, அந்தப் பெரிய வீட்டில் நீதிபதிக்கு மிஞ்சிய குடும்பம் என்பது இந்தக் கூடைக்குள் அடங்கிவிடும்.

டாக்டர் ராணியைத் தூக்கி எஃகு மேசைமேல் வைத்தார். எச்சில் ஒழுகி, முன்கால் மயிரெல்லாம் திரிதிரியாக ஒட்டிக் கிடந்தது. தாடையின் ஒரு பக்கம் வீங்கிச் சுட்டது. உதட்டை விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தார். கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கோத்திருந்தது. எக்ஸ்ரேயும் அதையே சொன்னது.

"பல் வேர்ல சீழ் கட்டியிருக்கு சார். தாடை எலும்பு வரைக்கும் போயாச்சு. இன்னிக்கே மயக்கம் கொடுத்துப் பல்லை எடுத்துடணும். தள்ளிப் போட்டா ரத்தத்துல கலந்துடும். இவ வயசுக்கு அதைத் தாங்க மாட்டா."

நீதிபதி பொறுமையாகக் கேட்டார். எதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதன் பிறகு தாம் நினைத்ததையே சொல்லிப் பழகியவர் அவர்.

"உங்க கருத்தைக் குறிச்சுக்கிட்டேன் டாக்டர்" என்றார். "ஆனா அவ அப்படிச் சொல்லலையே."

"யாரு சார்?"

"ராணிதான்."

அவர் கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்து, தாம் பதிவு செய்திருந்ததை ஒலிக்கவிட்டார். ஓர் இளம்பெண்ணின் தேன் குழைத்த குரல் அந்த மருந்து நெடிக்கு நடுவே எழுந்தது. "அப்பா, எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை. அம்மா ஞாபகமாவே இருக்கு. அதான் சாப்பாடு இறங்கலை. என்னை எங்கேயும் விட்டுடாதீங்க அப்பா."

உதவியாளர் அக்கா கையிலிருந்த பஞ்சைத் தவறவிட்டார். ராணி மட்டும், தன்னைப் பற்றிய பேச்சே அது இல்லை என்பது போல், தலையைக் கால்களின்மேல் வைத்துக் கண்களை மூடிக் கிடந்தாள்.

"சார், அது சும்மா ஒரு விளையாட்டு ஆப்" என்றார் டாக்டர்.

"உங்க சுவர்லதானே ஒட்டியிருந்தது. உங்க கிளினிக் பேரோட."

டாக்டர் தலையைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்த்தார். வரவேற்பு அறையிலிருந்து எட்டிப் பார்த்த அப்டேட், யாரோ தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று எண்ணி அடக்கமாகப் புன்னகைத்தான்.

"நிபுணர் சாட்சியத்தை நான் என்னிக்கும் மதிக்கிறவன்" என்று நீதிபதி தொடர்ந்தார். "ஆனா பாதிக்கப்பட்டவளே நேரடியா வாக்குமூலம் கொடுக்கறப்போ, நிபுணர் ரெண்டாம்பட்சம்தான். ஒரு தடவை சொன்னதை வச்சுப் பேசலை. ரெண்டு மூணு நாளாப் பதிவு பண்ணியிருக்கேன். முன்னுக்குப் பின் முரணே கிடையாது. குறுக்கு விசாரணைகூடப் பண்ணினேன்."

"பூனையையா?"

"'பல் வலிக்குதாம்மா'ன்னு நேராவே கேட்டேன். 'மனசுதான் வலிக்குது'ன்னா. அதுக்கு மேல ஒரு தகப்பன் என்னத்தைக் கேட்கறது?"

அறுவைக்கு வளர்ப்பவரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். அதைப் போட அவர் மறுத்துவிட்டார். மனத்துக்கு ஏதாவது மருந்து இருந்தால் கொடுக்கும்படி கேட்டார். பூனையின் உடம்பில் நீர்ச்சத்து வற்றியிருப்பதால் கொஞ்சம் ஏற்ற வேண்டும், அதுவரை வெளியே அமரலாம் என்று டாக்டர் சொன்னதற்கு மட்டும் பெரிய மனது பண்ணி இசைந்தார்.

கதவு சாத்தப்பட்டதும் டாக்டர் கொழுந்தனை உள்ளே இழுத்தார். "அவர் சம்சாரம் இறந்தது அந்த ஆப்புக்கு எப்படித் தெரியும்?"

"சேரும்போதே கேட்டுக்கும் அண்ணி" என்றான் அப்டேட் உற்சாகமாக. "வீட்டுல சமீபத்துல யாராவது தவறிட்டாங்களா, உங்களை எப்படிக் கூப்பிடணும், குரல் பாசமா இருக்கணுமா, நகைச்சுவையா இருக்கணுமா, ஞானமா இருக்கணுமா, எல்லாம் கேட்கும்."

"அவர் எதைக் கேட்டார்?"

"பாசம். முழு அளவுல."

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தவரைப் போல, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லாமல், நீதிபதி எல்லாக் கேள்விக்கும் விடையளித்திருக்கிறார். டாக்டர் வெளியே போய் இதை விளக்கிப் பார்த்தார். "சாட்சியோட குடும்பப் பின்னணி கோர்ட்டுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கறதால சாட்சியம் கெட்டுப் போயிடாது டாக்டர்" என்று பதில் வந்தது. திரும்பி வந்தார்.

மேசைமேல் ராணியின் மூச்சு குட்டிக் குட்டியாக ஏறி இறங்கியது. சாயங்காலத்துக்குள் காய்ச்சல் ஏறும். நாளை காலையில் தூக்கி வந்தால் மயக்கம் கொடுக்கவே பயமாக இருக்கும். நாளன்றைக்குத் தூக்கி வரவே தேவையிருக்காது. டாக்டர் இதை யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய விரல்கள் பூனையின் காதுமடலைத் தொட்டு, சூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தன.

"அண்ணி, ஒரு வழி இருக்கு" என்றான் அப்டேட். "எல்லாரும் நம்ம கிளினிக் கணக்கு வழியாத்தான் சேர்ந்திருக்காங்க. அடுத்து அது என்ன சொல்லணும்னு நாமளே இங்கிருந்து எழுதி விட்டுடலாம். புது வசதி. போன வாரம்தான் வந்தது."

"பூனை சொல்லாததைச் சொன்னதா எழுதறதா?"

"இப்ப மட்டும் பூனை சொன்னதையா சொல்லுது?" என்றார் அக்கா.

டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. குழாயைத் திறந்து, சுத்தமாக இருந்த கைகளை நெடுநேரம் கழுவினார். மரியாதைப்பட்டவர்கள் தவறு செய்யும்போது பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்தில்.

நீதிபதி உள்ளே அழைக்கப்பட்டார். கடைசியாக ஒருமுறை ராணியின் கருத்தைக் கேட்டுவிடலாமே என்று அப்டேட் பணிவோடு வேண்டினான். கைபேசி பூனையின் அருகே வைக்கப்பட்டது. தேன்குரல் எழுந்தது.

"அப்பா, யோசிச்சுப் பார்த்தேன். டாக்டர் சொல்றதுதான் சரி. என் பல்லை எடுக்கச் சொல்லுங்க. இந்த கிளினிக்கோட சேவை எனக்கு மிகவும் திருப்தியா இருக்கு. தயவுசெய்து ஐந்து நட்சத்திரம் கொடுங்க அப்பா."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"சாட்சி பிறழ்ந்துட்டா" என்றார். "அரை மணிநேரம் உங்க காவல்ல இருந்தா. அதுக்குள்ள பேச்சு மாறுது. காவல்ல இருக்கறப்போ கொடுத்த வாக்குமூலத்துக்கு என்ன மதிப்புன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா டாக்டர்?"

டாக்டரின் காதுமடல்கள் பூனையின் காதுமடலைவிடச் சூடேறின. நீதிபதி ராணியைக் கூடைக்குள் கிடத்தி, வெளியே தூக்கிக்கொண்டு போனார். போன வேகத்துக்கு வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் சட்டம் படித்தவர் எதையும் அரைகுறையாக விடமாட்டார். காவலுக்கு வெளியே, சுதந்திரமான சூழலில், சாட்சியை மறுபடி விசாரித்துப் பதிவு செய்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வரவேற்பு அறையின் மூலையில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்து மூடியைத் திறந்தார். செயலியை இயக்கிக் கேட்டார்.

"உள்ள உன்னை யாராவது மிரட்டினாங்களா, ராணிம்மா?"

கேட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்தார். நாற்காலி கிரீச்சிட்டது.

"அம்மா ஞாபகமாவே இருக்கு அப்பா" என்றது கைபேசி. "என்னை விட்டுடாதீங்க."

"பார்த்தீங்களா?" என்றார் நீதிபதி, பின்னோடு வந்து கதவருகே நின்றிருந்த டாக்டரிடம்.

டாக்டர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கைபேசியை அல்ல, கூடையை. ராணி அசையவில்லை. மீசை மயிர்கூட அசையவில்லை.

"சார், ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா?"

"குறுக்கு விசாரணையா? கேளுங்க."

"இந்த ரெண்டு மூணு நாள்ல இவ வாயைத் திறந்து நீங்க பார்த்தீங்களா? ஒரு கொட்டாவி, உடம்பை நக்கிக்கிறது, ஏதாவது?"

நீதிபதி யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார், அந்தக் குணம் அவரை விட்டுப் போகவில்லை. "இல்லை" என்றார்.

"தாடை அப்படி வீங்கியிருக்கு. அவளால திறக்க முடியலை. வாயைத் திறக்காம பூனை கத்த முடியாது சார். அப்ப இவ்வளவு நாளா உங்ககூடப் பேசினது யாரு?"

"நான் மடியிலதான் வச்சிருந்தேன். பக்கத்துல வேற யாருமே..."

"எங்க உட்கார்ந்துக்கிட்டு?"

"என் பழைய சாய்வு நா..."

சொல் பாதியில் நின்றது. மடியிலிருந்த கூடையை நீதிபதி பக்கத்து இருக்கைக்கு மெதுவாக மாற்றினார். பிறகு எழுந்தார். பாரம் நீங்கிய நாற்காலி நீளமாக முனகியது. "என்னை எங்கேயும் விட்டுடாதீங்க அப்பா" என்று கைபேசி கெஞ்சியது. அவர் நாற்காலியின் முதுகில் கையை வைத்து அழுத்தினார். "மனசுதான் வலிக்குது அப்பா." இன்னொருமுறை அழுத்தினார். சாட்சி முன்னுக்குப் பின் முரணே இல்லாமல் பேசியது.

"அண்ணி" என்றான் அப்டேட், குரலைத் தாழ்த்தி. "நாற்காலியே பேசுதுன்னா, அது இதைவிடப் பெரிய டெக்னாலஜி இல்லையா?"

"நீ கொஞ்சம் வாயை மூடிக்கறதும் ஒரு டெக்னாலஜிதான்" என்றார் அக்கா.

நீதிபதி கைபேசியை அணைத்துவிட்டு நின்றார். கோபப்படுவார் என்று டாக்டர் எதிர்பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. ஒரே வீட்டில் இரண்டாம் முறை யாரையோ பறிகொடுத்தவரின் முகமாக இருந்தது. கேலி செய்ய எத்தனையோ இருந்தும் அங்கே யாரும் சிரிக்கவில்லை.

"உள்ள நடந்தது என் தப்பு சார்" என்றார் டாக்டர். "அந்தப் பேச்சை நாங்கதான் எழுதி விட்டோம். நான் தடுத்திருக்கணும்."

"தெரிஞ்சதுதான். பூனை எதுக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுக்காது." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொன்ன தீர்ப்பை மாத்தி எனக்குப் பழக்கமில்லை, டாக்டர்."

"மேல்முறையீடுன்னு ஒண்ணு அதுக்குத்தானே சார் இருக்கு. உள்ள மேசை தயாரா இருக்கு."

அவர் பேனாவுக்குக் கையை நீட்டினார்.

மயக்கம் ஏறியதும் ராணியின் தாடை முதன்முறையாகத் தளர்ந்து திறந்தது. பல் எளிதில் வரவில்லை. வேர் கொக்கி போட்டதுபோல் எலும்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை இதயத் துடிப்பு சரிந்தது. அக்காவின் கை மருந்தோடு அருகில் வர, டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார். துடிப்பு தயங்கித் தயங்கி மேலேறியது. அதன் பிறகு பல் வந்தது, அதன் பின்னால் சீழ் வந்தது, எல்லாம் கழுவித் தைத்து முடித்தபோது டாக்டரின் முதுகு முழுவதும் நனைந்திருந்தது.

வெளியே அப்டேட் சுவரிலிருந்த அறிவிப்பைக் கிழித்துக்கொண்டிருந்தான். நல்ல பசை, துண்டு துண்டாகத்தான் வந்தது. நீதிபதி நின்றபடியே காத்திருந்தார்.

"உங்க போன்ல இருந்தும் எடுத்துடட்டுமா சார்? அந்தப் பதிவெல்லாம் அழிச்சுடறேன்."

"ஆப்பை எடுத்துடு" என்றார் நீதிபதி. சற்றுப் பொறுத்து, "பதிவு இருக்கட்டும்" என்றார். காரணம் சொல்லவில்லை. தீர்ப்புக்குக் காரணம் சொல்லும் கடமையிலிருந்து அவர் ஓய்வுபெற்றுவிட்டார்.

மறுநாள் மாலை, கடைசி நோயாளியான ஒரு முயலை அனுப்பிவிட்டு, டாக்டர் நீதிபதியின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். மணி நெடுநேரம் ஒலித்த பிறகு அவர் எடுத்தார்.

"சாப்பிட்டாளா சார்?"

"தட்டைக் காலி பண்ணிட்டா. இன்னும் வேணும்னு தட்டையே உருட்டறா."

"காய்ச்சல்?"

"இல்லை. ஆசையாத் தூக்கி மடியில வச்சுக்கிட்டேன். கையைக் கடிச்சுட்டா."

டாக்டர் பதறிப்போனார். "ஆழமாவா சார்? ரத்தம் வந்துதா?"

"வந்தது, வந்தது" என்றார் நீதிபதி. அந்தக் குரலில் அப்படியொரு நிறைவை டாக்டர் அதுவரை கேட்டதில்லை. "வாய் நல்லாத் திறக்குது டாக்டர்."